ஆளுமைக் கோளாறு தீராது, பதற்றம் தானாகப் போய்விடும்: இரண்டு நம்பிக்கையும் தவறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாளிதழ்களில் மனநலம் பற்றி இப்போது அடிக்கடி எழுதப்படுகிறது. மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கட்டுரைகளில் இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. ஆளுமைக் கோளாறு பிறவிக் குணம் போன்றது, ஆயுளுக்கும் மாறாது என்பது ஒன்று. பதற்றம் ஒரு நோயே இல்லை, தைரியம் சொல்லி நாலு நாள் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்பது மற்றொன்று. குடும்பங்கள் இப்படித்தான் நம்புகின்றன. மருத்துவர்களிலும் கணிசமானோர் நம்புகிறார்கள். நோயாளிகளைப் பத்து, இருபது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த ஆய்வுகள் சொல்வதோ ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. அதை விரிவாகச் சொன்னால்தான் பயன் என்பதால் கடிதம் நீள்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஆளுமைக் கோளாறுகளில் மருத்துவமனைக்கு அதிகம் வருவது பார்டர்லைன் வகை. நெருங்கியவர் விட்டுப் போய்விடுவாரோ என்ற தாங்க முடியாத பயம், மணிக்கு மணி மாறும் மனநிலை, அடக்க முடியாத கோபம், உள்ளுக்குள் ஓயாத வெறுமை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது என ஒன்பது அறிகுறிகளை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு வரையறுத்திருக்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து நீண்ட காலமாக இருந்தால்தான் இந்தப் பெயரைச் சொல்லலாம். ஒரு நெருக்கடி இரவில், அவசரப் பிரிவில் வைத்துச் சொல்லக் கூடாது. மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறோடு இதைக் குழப்பிக்கொள்வதும் சகஜம். பிரித்தறிய ஒரு எளிய வழி, மனநிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்ப்பது. இருமுனைக் கோளாறின் எழுச்சி நாள் கணக்கில், வாரக் கணக்கில் நீடிக்கும். பார்டர்லைனில் ஒரு தொலைபேசி அழைப்பில் மாறிய மனநிலை அடுத்த அழைப்பில் மறுபடி மாறிவிடும்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து பெல்மான்ட் நகரில் உள்ள மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனரினி என்ற ஆய்வாளர் 1992-இல் ஒரு வேலையைத் தொடங்கினார். உள்நோயாளிகளாக இருந்த பார்டர்லைன் நோயாளிகள் 290 பேரையும், ஒப்பிடுவதற்காக வேறு ஆளுமைக் கோளாறு உள்ள 72 பேரையும் சேர்த்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அவர்களைத் தேடிச் சென்று அறிகுறி, வேலை, உறவு, எடுத்துக்கொண்ட சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே கேள்வித்தாளில் கேட்டார்கள். பத்தாவது ஆண்டில் கிடைத்த விடை துறையையே உலுக்கியது. 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது, நோய் என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லாமல் இருந்திருக்கின்றன. பதினாறாவது ஆண்டில் அது 99 சதவீதம். எட்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக அப்படி இருந்தவர்களே 78 சதவீதம். இரண்டு ஆண்டு தணிந்திருந்தவர்களில் 36 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. எட்டு ஆண்டு தணிந்திருந்தவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான். நாள் செல்லச் செல்ல நலம் கெட்டிப்படுகிறது. 1996-இல் அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தனியாகத் தொடங்கிய இன்னொரு ஆய்விலும், பத்து ஆண்டில் 85 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது.

இதை மட்டும் எடுத்துக்கொண்டு 'எல்லாம் தானே சரியாகிவிடும்' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. அறிகுறி தணிவது வேறு, வாழ்க்கை மீள்வது வேறு. முழு மீட்சிக்கு ஜனரினி குழு மூன்றையும் சேர்த்துக் கேட்டது: அறிகுறி இல்லாமை, மனதுக்குத் துணையான ஒரு உறவாவது, முழுநேர வேலையோ படிப்போ வீட்டுப் பொறுப்போ தடங்கலின்றிச் செய்யும் திறன். இந்த அளவுகோலில் பத்து ஆண்டில் பாதிப் பேர்தான் தேறினார்கள். பதினாறு ஆண்டில் 60 சதவீதம். பெரும்பாலும் இடறியது வேலையில்தான். 24 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்ததில் பார்டர்லைன் நோயாளிகளில் 5.9 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அதைவிட அதிகமானோர் மற்ற காரணங்களால் வயதுக்கு முன்பே இறந்திருந்தார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை, உடல் எடை ஆகியவற்றை மனநல மருத்துவரும் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அறிகுறிகள் தணிவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. அது குடும்பங்களுக்கு மிகவும் பயன்படும். தன்னைக் காயப்படுத்துதல், தற்கொலை முயற்சி போன்ற ஆபத்தானவை முதலில் குறைகின்றன. கோபம், வெறுமை, தனிமையைத் தாங்க முடியாமை போன்றவை ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. 'கையைக் கீறிக்கொள்வதை நிறுத்திவிட்டாள், ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், சிகிச்சை வீண்' என்று தாயார் நினைப்பது அந்தக் கட்டத்தில்தான். அது வீணல்ல, நோய் எதிர்பார்த்த வழியில் இறங்குகிறது என்பதன் அடையாளம்.

பிறகு எப்படி 'தீராத நோய்' என்ற எண்ணம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? பட்ரீஷியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் இதை விளக்கினார்கள். தேறியவர் மருத்துவமனைக்கு வருவதில்லை. தேறாதவர் பத்து ஆண்டாக வருகிறார். மருத்துவரின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் நீண்ட நாள் நோயாளிகள் எப்போதுமே அதிகமாகத் தெரிவார்கள். அதைப் பார்த்து நோயே அப்படித்தான் என்ற முடிவுக்கு மருத்துவர் வந்துவிடுகிறார். பதற்றக் கோளாறில் இதே பார்வைப் பிழை எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. வருவதை நிறுத்தியவர் குணமாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறோம். அவரோ வெளியே போவதையே நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருக்கிறார்.

ஹார்வர்டு, பிரவுன் பல்கலைக்கழகங்கள் 1989-இல் தொடங்கிய பதற்றக் கோளாறு ஆய்வு 700-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு முறையாவது குணமடைந்தவர்களின் விகிதம் இது. வெளியிடங்களுக்குப் போகும் அச்சம் சேராத பீதிக் கோளாறில், அதாவது பேனிக் அட்டாக் மட்டும் இருந்தவர்களில் 82 சதவீதம். எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறில் 58. வெளியிட அச்சத்தோடு சேர்ந்த பீதிக் கோளாறில் 48. நாலு பேர் முன்னால் பேச, சாப்பிட, கையெழுத்துப் போடப் பயப்படும் சமூக அச்சத்தில் வெறும் 37. குணமடைந்தவர்களிலும் பீதிக் கோளாறுக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது திரும்பியது. பார்டர்லைன் ஆய்வின் எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு ஆய்வுகளின் அளவுகோல் ஒன்றல்ல, எனவே சதவீதத்துக்குச் சதவீதம் ஒப்பிட முடியாது. ஆனாலும் எதை இலேசான நோய் என்று சொல்லி வந்தோமோ அது இலேசானதல்ல என்பது தெளிவு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1980-களில் பீட்டர் டைரர் தொடங்கிய ஆய்வு, பதற்றத்தோடு ஆளுமைச் சிக்கலும் சேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது என்று காட்டியது. இரண்டையும் தனித்தனித் துறைபோல நடத்துவது சரியல்ல.

பதற்றம் ஏன் இவ்வளவு காலம் நீடிக்கிறது? தவிர்ப்பதால். பேனிக் அட்டாக் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். ஆனால் அதற்குள் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறார், தண்ணீர் குடிக்கிறார், மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கிறார். 'இதைச் செய்ததால்தான் பிழைத்தேன்' என்று மூளை பதிந்துகொள்கிறது. அடுத்த முறை பஸ்ஸே ஏறுவதில்லை. இங்கே இன்னொரு சுற்றும் இருக்கிறது. முதல் முறை நெஞ்சு படபடத்ததும் இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் எடுக்கிறார்கள். அது தேவையானதுதான், தைராய்டு, இரத்தசோகை, காபி, மது ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 'ஒன்றுமில்லை, கேஸ் டிரபிள்' என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றுமில்லை என்றால் ஏன் வருகிறது என்று அவர் அடுத்த மருத்துவமனையில் அதே பரிசோதனைகளை எடுக்கிறார். பரிசோதனை முடிந்த அன்றே 'இதன் பெயர் பீதிக் கோளாறு, இதற்குச் சிகிச்சை இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் அந்தச் சுற்று அங்கேயே அறுந்துவிடும்.

மருந்தில்லாச் சிகிச்சையில் உறுதியான சான்று உள்ளது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. பீதிக் கோளாறுக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் போதும் என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு சொல்கிறது. வாரம் ஒரு மணி நேரம் என்றால் மூன்று மாதம். ஆனால் 'கவுன்சலிங்' என்ற பெயரில் ஆறுதல் சொல்லி அனுப்புவது இந்தச் சிகிச்சை அல்ல. இதன் உயிர்நாடி, பயந்த ஒன்றை வேண்டுமென்றே எதிர்கொள்வது. உடலுக்குள் எழும் உணர்ச்சிகளைக் கண்டே பயப்படுபவரை அந்த உணர்ச்சிகளை வரவழைக்கச் சொல்கிறோம். ஒரு நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விடுவது. ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடுவது. சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக இரண்டு நிமிடம் மூச்சு விடுவது. வேகமூச்சில் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலைச்சுற்றலும் விரல் மரத்துப்போவதும் அதனால்தான், மாரடைப்பால் அல்ல. அதைத் தன் உடம்பிலேயே பார்த்தவருக்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது.

வெளியில் செய்வதற்கு ஒரு படிக்கட்டு போட வேண்டும். டவுன் பஸ் பயம் என்றால் நிறுத்தத்தில் பதினைந்து நிமிடம் நிற்பது, துணையோடு ஒரு நிறுத்தம், தனியாக ஒரு நிறுத்தம், தனியாக ஐந்து நிறுத்தம், காலை நெரிசலில் முழுப் பயணம். ஒவ்வொன்றுக்கும் பயம் நூற்றுக்கு எத்தனை என்று நோயாளியே மதிப்பெண் போடட்டும். நாற்பது வாக்கில் இருப்பதில் தொடங்கி, வாரத்தில் நான்கைந்து நாளாவது செய்ய வேண்டும். கிளம்பும் முன் 'என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்' என்று ஒரு வரி எழுத வேண்டும். திரும்பியதும் 'என்ன நடந்தது' என்று ஒரு வரி. இந்த இரண்டு வரிக்கும் உள்ள இடைவெளிதான் மருந்து. இது தோற்கும் இடங்களும் நமக்குத் தெரிந்தவையே: கிளம்பும் முன் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்வது, பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் இறங்கிவிடுவது, வழி முழுக்க மனைவியோடு செல்போனில் பேசிக்கொண்டே போவது. மூன்றிலும் மூளை புதிதாக எதையும் கற்பதில்லை. சமூக அச்சத்தில் இதோடு கவனத்தைத் தன் குரலிலும் நடுங்கும் கையிலுமிருந்து எடுத்து எதிரில் இருப்பவர் மேல் வைக்கும் பயிற்சியும் சேர வேண்டும்.

மருந்து என்று வந்தால் முதல் தேர்வு, மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராமில், அல்லது செர்ட்ராலின் 25 மில்லிகிராமில் தொடங்கி, ஓரிரு வாரத்தில் 10, 50 என்று ஏற்றுவது வழக்கம். பதற்ற நோயாளியிடம் முழு அளவில் தொடங்கினால் முதல் வாரமே படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுவார். முதல் பத்து நாள் இப்படி இருக்கலாம் என்று முன்கூட்டியே சொன்னாலே பாதிப் பேர் தாக்குப்பிடிப்பார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நிறைய பேர் சறுக்குவது அதற்குப் பிறகு: மூன்றாவது மாதம் நன்றாக இருக்கிறது, நிறுத்திவிடுகிறார்கள். 28 சோதனைகளில் கலந்துகொண்ட 5,233 பேரின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், நலமான பின் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 16.4 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 36.4 சதவீதம் பேருக்கு. ஆகவே நலமான நாளிலிருந்து குறைந்தது பன்னிரண்டு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போதும் மருத்துவரைக் கேட்டு, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தலைச்சுற்றலும் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வந்தால் அது பெரும்பாலும் மருந்து விலகும் அறிகுறி. சில வாரம், சில மாதம் கழித்துப் பழைய பயமே தலைதூக்கினால் அது நோய் திரும்புவது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை அரை மணி நேரத்தில் ஆறுதல் தருகின்றன. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. தேவைப்பட்டால் இரண்டு முதல் நான்கு வாரம், அதற்குள் நிறுத்தும் தேதியையும் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் எடுத்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பே வரலாம். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அப்போது எடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் குறைப்பது பாதுகாப்பு. அல்பிரசோலம் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கிறது. சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, அளவு எல்லாவற்றையும் மருந்துக் கடை தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குவதற்கு இது இடம் தரவில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து நம் நாட்டில் பரவலாக விற்கப்படுகிறது. முதலாவதை ஓராண்டு தொடர வேண்டும், இரண்டாவதை ஒரு மாதத்தில் நிறுத்த வேண்டும். ஒரே மாத்திரைக்குள் இருந்தால் எப்படி முடியும்? தனித்தனியாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

மருந்தையும் பயிற்சியையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்ற எண்ணத்துக்கும் ஒரு திருத்தம் வேண்டும். டேவிட் பார்லோ குழு 312 பீதிக் கோளாறு நோயாளிகளிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட சோதனையில், எல்லாச் சிகிச்சையையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இமிப்பிரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தோடு பயிற்சி பெற்றவர்களைவிட மருந்தில்லாமல் பயிற்சி பெற்றவர்களே நலத்தை அதிகம் தக்கவைத்திருந்தார்கள். மருந்து கூடாது என்பதல்ல இதன் பொருள். மருந்தைக் குறைக்கும் வாரங்களிலும் பயிற்சி நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே.

பார்டர்லைன் கோளாறுக்கென்று ஒரு மருந்து கிடையாது. நைஸ் அமைப்பின் 2009 வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. நெருக்கடியில் அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரப்படும் லாமோட்ரிஜினைக் கொடுத்துப் பார்த்த 276 பேர் கொண்ட சோதனையில், ஓராண்டு முடிவில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்று 2018-இல் தெரிந்தது. இருந்தும் ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒரு மருந்து கூடி, மூன்றாம் ஆண்டில் நான்கைந்து மாத்திரையோடு நிற்பவர்கள் நிறைய. மருந்து, உடன் இருக்கும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ இருக்கலாம். எதற்கு என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். மூன்று மாதத்தில் பலனில்லை என்றால் புதியதைச் சேர்க்கும் முன் பழையதை எடுக்க வேண்டும்.

இதற்குப் பலன் தருவது பேச்சுச் சிகிச்சைகள். சியாட்டிலில் மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் உருவாக்கிய டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) முறையில் ஓராண்டு வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழுப் பயிற்சி, நெருக்கடியில் தொலைபேசி வழிகாட்டல், சிகிச்சையாளர்களுக்குள்ளேயே வாராந்திரக் கூட்டம் என நான்கும் உண்டு. லண்டனில் பேட்மன், ஃபோனகி இருவரும் 41 பேரிடம் நடத்திய இன்னொரு முறையை எட்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதம் பேரும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேரும் இடையில் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். இத்தனை ஆட்களையும் நேரத்தையும் நம் மாவட்டத் தலைமை மருத்துவமனை எங்கே தேடும் என்று கேட்கலாம். அதற்கு விடை 2009-இல் டொராண்டோவில் கிடைத்தது. 180 பேரில் ஒரு பாதிக்கு டி.பி.டி.; மறு பாதிக்கு, அதே மருத்துவர் வாரந்தோறும் ஒழுங்காகச் சந்தித்துப் பேசி, மருந்தையும் கவனிக்கும் பொது மனநலச் சிகிச்சை. ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஒரே மருத்துவர், ஒரே நாள், ஒரே நேரம், முன்கூட்டியே எழுதிய நெருக்கடித் திட்டம்: இவ்வளவையும் எந்த மாவட்டத்திலும் செய்ய முடியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மருத்துவர் பார்ப்பதுதான் இந்த நோயாளிகளுக்கு நாம் இழைக்கும் பெரிய தீங்கு.

நெருக்கடித் திட்டம் ஒரு பக்கத் தாள். எந்த மாதிரி நிகழ்வு தூண்டுகிறது, உடம்பில் முதலில் தெரிவது என்ன, தானே செய்யக்கூடியவை, அழைக்க வேண்டிய இரண்டு பேர், எந்த நிலையில் மருத்துவமனைக்கு வர வேண்டும், வீட்டில் மாத்திரைகள் யார் பொறுப்பில் இருக்கும். நோயாளி அமைதியாக இருக்கும் நாளில், அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுத வேண்டும். ஒரு பிரதி அவரிடம், ஒன்று வீட்டில், ஒன்று மருத்துவமனைக் கோப்பில். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மனஸின் உதவி எண் 14416-ஐயும் அதில் எழுதிவைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தற்கொலைப் பேச்சை 'நடிப்பு' என்று வீட்டார் ஒதுக்கக் கூடாது. அதே சமயம் நெருக்கடி வந்தால்தான் அன்பு கிடைக்கும் என்ற நிலையும் உருவாகக் கூடாது. சாதாரண நாட்களில் தினம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது இரண்டுக்கும் சேர்த்து உதவுகிறது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்தவை. மெக்லீன் நோயாளிகளில் பலர் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தச் சதவீதங்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழகம் உள்பட 12 மாநிலங்கள் இருந்தன. ஆனால் அது ஒரு காலகட்டத்தில் எத்தனை பேருக்கு நோய் என்று எண்ணியதே தவிர, அவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று பார்ப்பது அதன் வேலையல்ல. நீண்ட கால ஆய்வு நம்மால் முடியாததும் அல்ல. 1981-82-இல் சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு வந்த 90 மனச்சிதைவு நோயாளிகளை சென்னை ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் ஆர். தாரா குழு இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தது. உலக மனநல இலக்கியத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. பதற்றத்துக்கும் ஆளுமைக் கோளாறுக்கும் அதே போன்ற வேலையை அரசு தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பெரிய செலவில்லாமல் நாளையே தொடங்கவும் வழி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட வெளிநோயாளிப் பிரிவில் பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 கேள்வித்தாளை ஒவ்வொரு வருகையிலும் நிரப்பலாம். ஏழு கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, மூன்று நிமிடம் ஆகும், மொத்த மதிப்பெண் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். அந்த எண்ணை நோயாளியின் கையேட்டிலேயே தேதியோடு எழுதலாம். வேலைக்குப் போகிறாரா, தனியாக வெளியே போகிறாரா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம். முக்கியமாக, மூன்று மாதம் வராதவரைத் தொலைபேசியில் அழைத்து அதே கேள்விகளைக் கேட்க ஒரு பணியாளரை நியமிக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாவட்டங்களில் பணிபுரியும் மனநல மருத்துவர்கள், மருத்துவ உளவியலாளர்கள் சிலர்,
மதுரை